வீடு பழக்குகிறவர்கள்

உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில், ஓயாமல் அடிக்கிற காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறிப் பொடிப்பொடியாக உதிர்கிற அந்த ஊரில், வேறு யாராலும் விற்க முடியாத வீடுகளை வாங்கி விற்கிறவராகச் சங்கரநயினார் இருந்தார். ஊர் அவரை வில்லங்க நயினார் என்று கூப்பிட்டது, அவரும் அதை ஒரு பட்டம் மாதிரியே சுமந்துகொண்டு திரிந்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டுத் தம்பி போட மறுத்த வீடு, வாடகைக்கு வந்தவன் காலி செய்யாமல் கோர்ட்டுக்குப் போன வீடு, தாய்ப்பத்திரம் தொலைந்த வீடு, பக்கத்து வீட்டுக்காரன் சுவரை உள்ளே தள்ளிக் கட்டிவிட்ட வீடு, எல்லாம் கடைசியில் நயினாரிடம்தான் வந்து சேரும். அடிமாட்டு விலைக்கு வாங்குவார். பேசாமல் இருந்த அண்ணன் தம்பியை ஒரே சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். காலி செய்ய மறுக்கிறவர்களை அவர் அடித்ததுமில்லை, அதட்டியதுமில்லை. முதலில் தண்ணீர்க் குழாயை அடைப்பார், பிறகு கரண்டை நிறுத்துவார், பிறகு வாசல்படியில் ஆட்களை உட்காரவைத்து நாள் முழுக்கச் சீட்டாடச் சொல்வார், அதற்கும் அசையாத வீடென்றால் தச்சரைக் கூட்டிவந்து வாசல் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார், கதவில்லாத வீட்டில் பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவன் கண்மூடுவான் என்று கேட்பார். வீடு கைக்கு வந்ததும் விரிசலைப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, தரைக்கு டைல்ஸும் வாசலுக்குப் புதுக் கேட்டும் போட்டு, அந்த வீட்டில் இதுவரை ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசப்பட்டதில்லை என்பது போல ஆக்கி விற்றுவிடுவார்.

அவர் கைக்கு அடங்காதது ஒரே வகை வீடுதான். துர்மரணம் நடந்த வீடு. வயசாகிப் படுத்துச் சாகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆள் அநியாயமாகச் செத்த வீட்டை எத்தனை தடவை பட்டி பார்த்தாலும், வாங்க வருகிறவர்கள் ஹாலைப் பார்த்து, அடுப்படியைப் பார்த்து, கொல்லையில் போய் நின்று காற்றை முகர்ந்து, “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்” என்று போவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். அப்படி அவர் கையில் தங்கிப்போன முதல் வீடு, ஜெசிந்தா என்கிற கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்த வீடு. புருஷன் துபாய்க்குப் போய்விட்டான். மாமியார் வீட்டை நயினார் தலையில் கட்டிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். நயினார் கிணற்றை மூடி, மேலே சிமென்ட் போட்டு, சிமென்ட்டின் மேல் ரோஜாத் தொட்டிகள் வைத்துப் பார்த்தார். ரோஜா பூத்தது. வீடு விற்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு வேம்படியின் ஞாபகம் வந்தது. வேம்படித்துரை அவருடைய வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவருடைய வீடு ஒன்றில் சாரம் சரிந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பிறகு சேர்ந்தும் சேராமலும் நின்று, ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவனாகிவிட்டான். பெண்டாட்டி பேச்சித்தாய் உப்பளத்தில் உப்பு வாரப் போனாள். முத்தரசி என்று பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வாடகை கொடுக்க முடியாமல் மூன்று பேரும் வீட்டுக்காரனுக்கு முகம் கொடுக்காமல் ஒளிந்து திரிந்த நாளில், நயினார் அவர்கள் வாசலில் போய் நின்றார்.

“ஏ வேம்படி, ஜெசிந்தா வீட்ல ஒரு வருசம் இருங்க. வாடகை ஒண்ணும் வேண்டாம். காலைல வாசத் தெளிச்சுக் கோலம் போடுங்க, சாயங்காலம் வெளக்கேத்துங்க, புள்ளைய வாசல்ல வெளையாட விடுங்க. போறவன் வாரவன் எல்லாம் பாக்கணும், இந்த வீட்லயும் சோறு பொங்குது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலன்னு. அது போதும், வீடு பழகிரும்.”

“பழகுன பெறகு, அண்ணாச்சி?” என்றான் வேம்படி.

“பெறகு அடுத்த வீடு. இந்த மாதிரி என் கைல கெடக்குறதையெல்லாம் பழக்கிக் குடுத்திரு. கடைசி வீட்ட உம் பொண்டாட்டி பேர்ல எழுதித் தாரேன்.”

பேச்சித்தாய் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். “நெசமாவா அண்ணாச்சி?”

“நான் சொல்லு மாறுனேன்னு இந்த ஊர்ல யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா தாயி?”

அவள் கேட்டதில்லைதான். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

அவர்கள் குடிவந்து பால் காய்ச்சிய வாரத்திலேயே, மத்தியானம் குழம்பைத் தாளித்துவிட்டுத் திரும்பிய பேச்சித்தாய், கொல்லை நடையில் ஒரு இளம்பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. பேச்சித்தாய்க்கு முதலில் தோன்றியது தரை வழுக்கும், நொண்டிக் காலோடு வருகிற மனுஷன் விழுந்துவிடுவான் என்பதுதான், ஆகவே ஒரு சாக்கை எடுத்துவந்து அந்தப் பெண்ணின் அடியில் விரித்தாள். சோறு போடுகிற நேரம் வந்ததும் மூன்று தட்டோடு நாலாவதாக ஒரு தட்டும் வைத்தாள். ஏன் விழுந்தாய், யாராவது தள்ளினார்களா என்று அவள் கேட்கவில்லை, அதையெல்லாம் கேட்டவர்கள் போலீஸிலிருந்து பங்குச் சாமியார் வரைக்கும் நிறையப் பேர், சாப்பிட்டாயா என்று கேட்டவர்கள்தான் யாருமில்லை. ஜெசிந்தா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோனாள். சோறு வைத்தபடியே இருந்தது. ஆனால் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தபோது அதில் உப்பு மட்டும் இல்லை. செத்தவர்கள் சாப்பிடுவது உப்பைத்தான் என்று அந்த வீட்டுக்கு அன்று தெரிந்தது, உப்பளத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது ஒரு கஷ்டமாகவும் இல்லை.

வருஷம் முடிந்து அடுத்த வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறபோது, குட்டியானை வண்டியின் டிரைவர் பின்னால் பார்த்துவிட்டு, “யக்கா, அந்தப் புள்ளைய முன்னால ஏறச் சொல்லுங்க, பின்னால இருந்தா பாய் தலகாணி எல்லாம் நனைஞ்சிரும்” என்றான். ஜெசிந்தா முத்தரசிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் போன பிறகு வீட்டைப் பார்க்க வந்தவர்கள் கொல்லையில் நின்று காற்றை முகர்ந்து பார்த்தார்கள், ரோஜா வாசம் வந்தது, அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்தது, தனியாக இருந்து செத்து, வாசலில் பால் பாக்கெட்டுகள் குவிந்து நாறிய பிறகே ஊருக்குத் தெரியவந்த பரமார்த்தலிங்கம் என்கிற துறைமுக ஆபீஸ் கிழவரின் வீடு. வருஷம் முடிந்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அடுத்தது, நடுவில் சுவர் எழுப்புகிற தகராறில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்த அண்ணன் தம்பியின் வீடு. அவர்களும் வந்தார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒரு சுவரின் இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் தம்பியுமாக நின்றார்கள், பேச்சித்தாய் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தட்டைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இவர்களோடு தெருவில் நடந்தால் ஊர் முதலில் ஒதுங்கி நின்றது, பிறகு ஒதுங்காமல் பார்த்தது, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஜெசிந்தாவுக்குப் பிரச்சினை இல்லை, பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றார், பரமார்த்தலிங்கத்துக்கு மட்டும் டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று யோசித்து, “நின்னுக்கிட்டு வந்தா வேண்டாம், உக்காந்தா எடுக்கணும்” என்று தீர்ப்புச் சொன்னார், கிழவர் அதன் பிறகு எந்தப் பஸ்ஸிலும் உட்காரவில்லை. ரேஷன் கடைக்காரர் அரிசி தர முடியாது, செத்தவர்களைக் கார்டில் சேர்க்க வழியில்லை என்று சொன்னாலும், உப்பு பாக்கெட் ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு சண்டை வந்தால், “பேச்சித்தாய் வீட்லயே அஞ்சாறு பேரு ஒண்ணா இருக்காக, நமக்கென்ன கேடு” என்று பெரியவர்கள் சொல்லிச் சமாதானம் செய்தார்கள்.

ஜெசிந்தாவின் அம்மா மாசம் ஒருமுறை பஸ் மாறி வந்தாள். மகளுக்குப் பிச்சிப்பூ வாங்கிவருவாள், ஈரத் தலையில் பூ நிற்காமல் வழுக்கி வழுக்கி விழும், விழுந்ததை எடுத்து எடுத்துத் திரும்ப வைப்பாள், பொழுது சாய்கிறவரை இதையே செய்துகொண்டிருந்துவிட்டுப் போவாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டவர்களும் உண்டு, எங்கள் வீட்டிலிருந்து வந்தவரை ஒரு நாளைக்கு அனுப்பிவைப்பாயா என்று கேட்டவர்களும் உண்டு. நயினார் மட்டும் இவர்களை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பழக்கிய வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக விற்றார், மூக்குக்கண்ணாடிக்குத் தங்க ஃபிரேம் போட்டுக்கொண்டார், பழகாத வீடு எங்கே கிடைக்கும் என்று பக்கத்து ஊர்களிலும் ஆள் வைத்துத் தேடினார்.

கடைசியாக வந்தது ஊரின் வடக்கு ஓரத்து வீடு. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்துபோட்டிருந்த மத்தியானத்தில் அனுசியா என்கிற நாலு வயதுக் குழந்தை அதற்குள் விழுந்து செத்த வீடு. பெற்றவர்கள் அந்த வாரமே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முன்வாசலில் கனத்த தேக்குக் கதவும், பின்னால் ஒரு முருங்கை மரமும், மாடியிலிருந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்களும் உள்ள சின்ன வீடு. வேம்படி ஒரு நாளும் இல்லாதபடி, யாரும் சொல்லாமலேயே, காலை இழுத்துக்கொண்டு அதன் சுவர்களுக்கெல்லாம் இளநீல வண்ணம் அடித்தான். பேச்சித்தாய் முருங்கைக்கு அடியில் துணி துவைக்கிற கல் போட்டாள். இதுதான் கடைசி, இதுதான் எங்களுடையது என்று அவர்கள் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஆணி அடிக்கிற இடத்தை யோசித்து யோசித்து அடித்தார்கள்.

அனுசியா வந்த அன்றைக்கே முத்தரசியின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவில்லை. சாப்பிடும்போதும் பள்ளிக்கூடத்திலும் தூக்கத்திலும் அந்தச் சின்ன விரல்கள் முத்தரசியின் விரல்களுக்குள்ளேயே இருந்தன. மாதங்கள் போகப் போக முத்தரசியின் வலது கை சில்லிட்டது, வெயிலில் நீட்டினாலும் அடுப்பின் முன்னால் காட்டினாலும் சூடேறவில்லை, பென்சில் பிடிக்க வரவில்லை. அவள் இடது கையால் எழுதப் பழகினாள். டீச்சர் என்னவென்று கேட்டதற்கு, “பாப்பா புடிச்சிருக்கா டீச்சர்” என்றாள், டீச்சர் குனிந்து பாப்பாவைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்.

பேச்சித்தாய் மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். உச்சி முதல் பாதம் வரைக்கும் அவளுக்கே குளிர்ந்தது.

“போதும்,” என்றாள் புருஷனிடம். “இனி வேற வீடு வேண்டாம். இன்னொரு புள்ள இன்னொரு கையப் புடிச்சா எம்மவ எதக் கொண்டு சாப்பிடுவா? போயி அண்ணாச்சிகிட்ட கேளுங்க. இந்த வீட்ட எழுதித் தரச் சொல்லுங்க.”

வேம்படி போகவில்லை, நயினாரே வந்தார். வருஷம் முடிந்திருந்தது. அதோடு, வடக்கு ஓரமாகப் புதுச் சாலை வருகிறது என்று சர்க்கார் கல் நட்டிருந்தது, யாரும் சீந்தாத அந்த மூலையின் மதிப்பு கண்ணுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் இந்த வீட்டைக் கேட்டு நயினார் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“சாமானக் கட்டுங்க,” என்றார் நயினார். “தெக்க ஒரு வீடு வந்திருக்கு.”

“கடைசி வீடு எங்களுக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி,” என்றான் வேம்படி.

“கடைசி வீடுன்னு சொன்னேன். இது கடைசின்னு சொன்னேனா? மனுசன் சாகுற வரைக்கும் வீடு வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

பேச்சித்தாய் முன்னால் வந்தாள். “எம்மவ கையத் தொட்டுப் பாருங்க.”

நயினார் தொட்டுப் பார்க்கவில்லை. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு அறை இருக்கிறது, வேண்டுமானால் அதில் இருந்துகொள்ளுங்கள் என்றார். வேம்படி, வாழ்நாளில் அவர் முன்னால் குரலை உயர்த்தாதவன், இளநீலச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, “நாங்க காலி பண்ண மாட்டோம்” என்றான். நயினார் கோபப்படவில்லை. தன் தொழிலில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்ட வாக்கியம் அது.

முதலில் குழாய் நின்றது. பேச்சித்தாய் உப்பளத்து ஆட்கள் குடிக்க வைத்திருக்கிற தொட்டியிலிருந்து குடத்தில் நல்ல தண்ணீர் சுமந்தாள். பிறகு கரண்ட் நின்றது. மண்ணெண்ணெய் விளக்கில் முத்தரசி இடது கையால் எழுதினாள். பிறகு சீட்டாட ஆள் அனுப்பினார், அவர்கள் உள்ளூர்க்காரர்கள், வாசல்படியில் உட்கார்ந்ததும் பரமார்த்தலிங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒருவன் அவர் வீட்டுக்குப் பால் பாக்கெட் போட்டவன், இரண்டாம் நாள் குவிந்ததைப் பார்த்தும் மூன்றாம் நாளும் போட்டுவிட்டுப் போனவன். அவன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனான், மற்றவர்களும் போனார்கள்.

ஆகவே நயினார் இந்தச் செத்தவர்கள் யாரென்றே தெரியாத ஆட்களை வெளியூரிலிருந்து வரவழைத்தார். காலை வெயில் ஏறுகிற நேரத்தில் அவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள், கதவைக் கழற்றுவதுதான் வேலை என்று சொல்லப்பட்டிருந்தது. பேச்சித்தாய் உப்பளத்தில் இருந்தாள். வேம்படி கதவை உள்ளே தாழிட்டு, நொண்டிக் காலை நிலையில் முட்டுக்கொடுத்து, தோளைக் கதவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஜெசிந்தாவும் கிழவரும் வந்து நின்றார்கள், வாழ்வில் முதல் தடவையாகவும் சாவில் முதல் தடவையாகவும் அந்த அண்ணனும் தம்பியும் சுவரைவிட்டு ஒரே பக்கம் வந்து நின்றார்கள், எல்லாரும் கதவில் கையை வைத்தார்கள். ஆனால் செத்தவர்களால் ஒரு தம்ளரைக்கூட நகர்த்த முடியாது. வெளியே கீல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ந்தன. “எடுத்தாச்சு, இழு” என்று ஒருவன் கத்தினான், இன்னொருவன் இழுப்பதற்குப் பதில் தள்ளினான், தேக்குக் கதவு முழுசாக உள்பக்கம் சாய்ந்தது, அவர்கள் எல்லாருடைய உடம்பின் ஊடாகவும் சாய்ந்து வேம்படி ஒருவன் மேல் மட்டும் விழுந்தது.

பேச்சித்தாய் காலில் உப்போடு ஓடிவந்தபோது நடையில் கதவு கிடந்தது. அதைத் தூக்கிவிட்டு, புருஷனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவனுடைய முகத்தில் உப்புப் பரலாக அவள் கண்ணீர் விழுந்ததே தவிர வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, பழைய கதவு, கீல் துருப்பிடித்திருந்தது, விபத்து என்றது. அந்த ஊரில் துருவைக் குற்றம் சொன்னால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கதவில்லாத வீட்டில் மகளை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல், பேச்சித்தாய் உப்பளத்து ஓட்டு அறைக்குப் போகச் சாமானைக் கட்டினாள். முத்தரசி ஏறினாள், அனுசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், ஜெசிந்தா முன்னால் ஏறினாள், கிழவர் நின்றுகொண்டே வந்தார், அண்ணன் தம்பி வண்டியின் இரண்டு ஓரங்களில் தொற்றிக்கொண்டார்கள். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது. கதவில்லாத நிலையில் வேம்படி நின்றுகொண்டிருந்தான், செத்த அன்று போட்டிருந்த அதே கைலி, தோளில் துண்டு.

“வாங்க,” என்றாள் பேச்சித்தாய்.

அவன் தலையை ஆட்டினான், வரவில்லை.

“எல்லாரும் ஏறியாச்சு. வாங்கங்க.”

அவன் நிலைச்சட்டத்தைப் பிடித்தான். விரல் மரத்துக்குள் புதைந்தது, ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். டிரைவர் வண்டியை எடுக்காமல் வெகுநேரம் காத்திருந்தான், பிறகு வேறு வழியில்லாமல் எடுத்தான்.

நயினார் புதுக் கதவு போட்டார். நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து பார்த்தபோது, ஹாலில் வேம்படி காய்ந்த பிரஷ்ஷை வைத்துக்கொண்டு சுவருக்கு மேலும் கீழுமாகப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான், ஒரு பொட்டு வண்ணமும் சுவரில் ஏறவில்லை, அவனும் நிறுத்தவில்லை. நகைக்கடைக்காரரின் மனைவி நடையிலிருந்தே திரும்பிவிட்டாள். பிறகு வந்தவர்களும் திரும்பினார்கள். வீட்டைப் பழக்க நயினார் வேறு குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். அவர்கள் பயப்படவில்லை, செத்தவர்களைப் பார்த்துப் பயப்படுகிற காலம் அந்த ஊரில் முடிந்திருந்தது, தட்டும் வைத்தார்கள், ஆனால் வேம்படி அந்த உப்பைத் தொடவில்லை. வாசல் நிலையில் நிற்பான், போக வர அவன் ஊடாகத்தான் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் ஒரு பாறாங்கல் விழுந்தது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். சாலை வந்தது. சுற்றியிருந்த மனைகள் எல்லாம் விற்றுப்போயின. அந்த வீடு மட்டும் நயினார் கையில் நின்றது.

ஒரு சாயங்காலம் அவர் உப்பளத்து ஓட்டு அறைக்கு வந்தார். உள்ளே உட்கார இடமில்லை, வாசலிலேயே நின்றார்.

“நடந்தது நடந்துபோச்சு தாயி. நானா தள்ளச் சொன்னேன்? நீ வந்து ஒரு வருசம் இருந்தேன்னா அவன் உங்கூட வந்துருவான். நீ கூப்பிட்டு வராதவுக யாரு இருக்கா?”

பேச்சித்தாய் அடுப்பிலிருந்த கஞ்சியை இறக்கி வைத்தாள். “சரி, வாரேன்” என்றாள்.

அவள் வந்த அன்று வேம்படி நிலையிலிருந்து விலகி வழிவிட்டான். அவள் உலை வைத்து, சோறு வடித்து, எல்லாருக்கும் தட்டு வைத்தாள். அவன் முன்னால் வைத்த தட்டிலிருந்து ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பில்லை. அதைத் தின்றுகொண்டே அழுதாள், புருஷன் செத்த அன்றைக்கு வராத சத்தமெல்லாம் அன்றைக்கு வந்தது, ஊர் அதைக் கேட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் விளக்கேற்றியது.

வருஷம் திரும்பியதும் நயினார் வண்டியோடு வந்து கேட்டில் நின்றார். “கெளம்பலாமா தாயி?”

“அவுக வரமாட்டேங்காக.”

“நீ கூப்பிடணும்லா?”

“நான் கூப்பிடல.”

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குக் குழாய அடைக்கத் தெரியும், கரண்ட நிறுத்தத் தெரியும். எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான்.”

“கதவக் கழத்தவும் தெரியும்,” என்றாள் பேச்சித்தாய். “கழத்துங்க அண்ணாச்சி. இந்த வீட்ல இன்னும் ரெண்டு பேரு கூடுவோம், அவ்வளவுதான். எங்களக் கூட்டிட்டுப் போவ அப்பொறம் யாரு வருவா?”

நயினார் அவளுக்குப் பின்னால் பார்த்தார். நடையில் ஈரத்தோடு ஒருத்தி, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கிழவர், முத்தரசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை, எல்லாருக்கும் முன்னால் நிலையில் வேம்படி. இத்தனை வருஷத்தில் அவர்களை அவர் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார், அந்த வீட்டுப் பக்கம் பிறகு வரவில்லை. எழுதித் தரவுமில்லை, விற்கவுமில்லை, பேச்சித்தாய் இருந்தாள், அவ்வளவுதான். முத்தரசி இடது கையாலேயே எழுதிப் படித்துப் பெரியவளானாள். வலது கைக்குச் சூடு திரும்பவேயில்லை, கல்யாணம் பேச வந்தவர்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேம்படிக்கு வயசாகவில்லை. பேச்சித்தாய்க்கு முடி நரைத்து, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தால் அக்காள் மாதிரி இருந்தாள். அவன் கையை அவளால் பிடிக்க முடிந்ததில்லை.

நயினார் ஒரு கோடை முழுக்கத் தன் பெரிய வீட்டில் தனியாக இருந்து, ஏஸி அறையில் செத்தது, நாற்றம் தெருவுக்கு வந்த பிறகே ஊருக்குத் தெரியவந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு மகன்களும் வந்து காரியம் செய்தார்கள், வீட்டுக்குப் பெயின்ட் அடித்து விலை சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் ஹாலில் நயினார் சோபாவில் ஒரு ஓரமாக, பக்கத்தில் யாருக்கோ இடம் விட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்றார்கள். விசாரித்து, விசாரித்து, மகன்கள் பேச்சித்தாயிடம் வந்தார்கள்.

“ஒரு வருஷம்தாங்க,” என்றான் மூத்தவன். “இந்த வீட்டை உங்க பேருக்கே எழுதிக் கொடுத்துடறோம். எழுதிக் கொடுத்த பிறகே வந்தா போதும். அப்பா அங்க ஒண்ணும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கார்.”

அவன் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை என்று பேச்சித்தாய்க்குத் தெரிந்தது. அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். அவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேம்படி வாசலை ஒருமுறை பார்த்தான், பிறகு காலை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டான்.

அந்த இடத்தையே அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இடமில்லய்யா,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.